நல்ல லாபத்தில் இருக்கும் பங்கை எப்போது விற்பது?

நீங்கள் கேட்டது இதுதான்: இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய பங்கு இப்போது 80 சதவீத லாபத்தில் நிற்கிறது. விற்றால் அதன்பிறகு இன்னும் ஏறிவிடுமோ என்று ஒரு பயம், விற்காமல் விட்டால் வந்த லாபமும் கரைந்துவிடுமோ என்று இன்னொரு பயம். எத்தனை சதவீதம் வந்ததும் விற்பது சரி?

சதவீதத்தில் இதற்கு விடை கிடையாது. எனக்கு இது புரியவே பல வருடங்கள் ஆயின, அதனால் முதலில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

நீங்கள் அந்தப் பங்கை 100க்கு வாங்கியிருக்கிறீர்கள், இப்போது 180 என்று வைத்துக்கொள்வோம். அதே பங்கை வேறொருவர் போன மாதம்தான் 178க்கு வாங்கியிருக்கிறார். உங்களுக்கு 80 சதவீத லாபம், அவருக்கு ஒரு சதவீதம் சொச்சம்தான். ஆனால் நாளையிலிருந்து அந்த நிறுவனம் சம்பாதிக்கப் போவது இருவருக்கும் ஒன்றுதான், அது விழுந்தால் இருவருக்கும் ஒரே அளவில்தான் விழும். நீங்கள் விற்க வேண்டிய பங்கு என்றால் அவரும் விற்க வேண்டியதுதான். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது உங்களுக்கும் வரித்துறைக்கும் மட்டும் தெரிந்த எண். அந்த நிறுவனத்தின் எதிர்காலத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சொல்ல எளிது. ஆனால் மனம் அப்படி வேலை செய்வதில்லை. லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்பதும், நஷ்டத்தில் இருப்பதை 'அசல் வரட்டும்' என்று பிடித்துக்கொண்டே இருப்பதும் நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1985லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதினார்கள். பிறகு 1998ல் டெரன்ஸ் ஓடீன் என்ற ஆய்வாளர் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை, 1987 முதல் 1993 வரையிலான விற்பனைகளோடு எடுத்துப் பார்த்தார். நஷ்டத்தில் இருந்த பங்கைவிட லாபத்தில் இருந்த பங்கை விற்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், அவர்கள் லாபம் பார்த்து விற்ற பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் ஏறின. விற்றது நல்லதை, வைத்துக்கொண்டது மோசமானதை.

பெரிய நிதிகளை நிர்வகிக்கும் ஆட்கள் மட்டும் வேறு மாதிரியா என்றால், அதுவும் இல்லை. சுமார் 780 பெரிய முதலீட்டுத் தொகுப்புகளை ஆராய்ந்து 2023ல் வெளியான ஒரு கட்டுரை, இவர்கள் வாங்கும்போது திறமையாக வாங்குகிறார்கள் என்று காட்டியது. ஆனால் விற்பதில், கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த ஏதோ ஒரு பங்கை விற்றிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்ற அளவுக்குச் சறுக்கியிருந்தார்கள். வாங்கும்போது மாதக்கணக்கில் படிக்கிறார்கள், விற்கும்போது அதிகமாக ஏறியதையோ அதிகமாக விழுந்ததையோ கண்ணில் பட்டபடி எடுத்து விற்கிறார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: நிறுவனம் காலாண்டு முடிவு வெளியிடும் நாட்களில் அவர்கள் விற்ற விற்பனைகள் நன்றாகவே அமைந்தன. அதாவது, விலையைப் பார்க்காமல் நிறுவனத்தைப் பார்த்து விற்றபோது சரியாக விற்றிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கை, அதன் ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டு வாங்கினேன். இரட்டிப்பானதும் விற்றேன். காரணம் என்று ஒன்றுமில்லை, இரட்டிப்பாகிவிட்டது, அவ்வளவுதான். அடுத்த ஆறு வருடங்களில் அது நான் விற்ற விலையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போனது. வலித்தது விலை ஏறியதால் மட்டும் இல்லை. அந்த நிறுவனத்தில் நான் எதிர்பார்த்த ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. என் கணிப்பு சரியாக இருந்தும் பலனை நான் அனுபவிக்கவில்லை.

நல்ல பங்கை அவசரப்பட்டு விற்பதன் விலை ஏன் இவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பங்கில் அதிகபட்சம் போட்ட பணம் முழுதும் போகும், அதற்கு மேல் போகாது. ஏறுவதற்கு அப்படி எல்லை இல்லை. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 26,000 பங்குகளைக் கணக்கிட்டார். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தங்கள் ஆயுள் முழுவதும் சேர்த்துக்கூட ஒரு மாத அரசுக் கடன் பத்திரம் தந்த வருமானத்தை எட்டவில்லை. அந்தப் பத்திரங்களுக்கு மேல் சந்தை உருவாக்கிய மொத்தச் செல்வமும் நூற்றில் நான்கு நிறுவனங்களிடமிருந்து வந்தது. உங்கள் கையில் இருப்பது அந்த நான்கில் ஒன்றாக இருந்து, 30 சதவீதத்திலோ 80 சதவீதத்திலோ விற்றுவிட்டால், மற்ற சறுக்கல்களை ஈடுகட்ட வேறு எதுவும் வராது.

சரி, அப்படியென்றால் விற்கவே கூடாதா? நிச்சயமாக விற்க வேண்டும். ஆனால் விற்பதற்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணம் 'லாபம் வந்துவிட்டது' என்பதாக இருக்கக் கூடாது. நான் ஏற்றுக்கொள்ளும் காரணங்களைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது.

முதலாவதும் மிகப் பெரியதும்: நீங்கள் வாங்கியபோது நம்பிய விஷயம் பொய்த்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க, முதலில் நீங்கள் என்ன நம்பினீர்கள் என்று தெரிய வேண்டும். வாங்கிய அன்றே ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்தவர்களுக்கு இது எளிது. 'கடன் இல்லாத நிறுவனம், விற்பனை வருடத்துக்கு 15 சதவீதம் வளர்கிறது, லாப விகிதம் நிலையாக இருக்கிறது, போட்டியாளர்களால் இந்தப் பொருளைச் சுலபமாகச் செய்ய முடியாது' என்று எழுதியிருந்தால், ஒவ்வொரு காலாண்டும் அந்த நான்கு வரிகளைச் சரிபார்த்தால் போதும். எழுதி வைக்கவில்லை என்றால் இன்று எழுதுங்கள். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால், ஏன் அதை வைத்திருக்கிறீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அது தனியாகவே விற்பதற்கு ஒரு காரணம்.

லாபக் கணக்கு அழகாகத் தெரியும்போதே அடியில் அரிப்பு தொடங்கியிருப்பதைச் சில இடங்களில் பிடிக்கலாம். நான் முதலில் பார்ப்பது, ஏட்டில் காட்டும் லாபமும் தொழிலிலிருந்து உண்மையில் வந்த ரொக்கமும் சேர்ந்து போகின்றனவா என்பதை. லாபம் வருடாவருடம் கூடுகிறது, ரொக்கம் மட்டும் வரவில்லை என்றால், எங்கோ சரக்கு தேங்குகிறது அல்லது விற்ற பொருளுக்குப் பணம் வசூலாகவில்லை. விற்பனை 10 சதவீதம் கூடியிருக்க, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 40 சதவீதம் கூடியிருந்தால் என்ன அர்த்தம்? கடனுக்குச் சரக்கைத் தள்ளிவிட்டு விற்பனைக் கணக்கைக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு காலாண்டு அப்படி இருந்தால் விட்டுவிடலாம், மூன்று நான்கு காலாண்டுகள் தொடர்ந்தால் விடக் கூடாது. தணிக்கையாளர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகுவது, நிதித் தலைவர்கள் அடிக்கடி மாறுவது, தெரியாத தொழிலில் கடன் வாங்கி நிறுவனங்களை வாங்கிப் போடுவது, இவை எல்லாம் ஆண்டறிக்கையிலும் சந்தைக்கு வெளியிடும் அறிவிப்புகளிலும் வெளிப்படையாகவே கிடைக்கும். விலை அப்போதும் ஏறிக்கொண்டிருக்கலாம். அது உங்களுக்கு நல்லது, நல்ல விலைக்கே வெளியே வரலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. காரணம் பொய்ப்பது வேறு, ஒரு மோசமான காலாண்டு வருவது வேறு. மூலப்பொருள் விலை ஏறி லாபம் சுருங்கியது என்றால் அது வந்துபோகும். வாடிக்கையாளர்கள் போட்டியாளரிடம் நிரந்தரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது திரும்பாது.

இரண்டாவது காரணம் விலை. நிறுவனம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் சந்தை அதற்குக் கொடுக்கும் விலை எந்த நல்ல எதிர்காலத்தாலும் நியாயப்படுத்த முடியாத உயரத்தில் இருக்கிறது. 'விலை அதிகம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பங்கு தன் ஆண்டு லாபத்தைப்போல் 60 மடங்கு விலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதிலிருந்து அடுத்த 10 ஆண்டுகளுக்கு வருடம் 10 சதவீதம் வர வேண்டும் என்றால், விலை 2.6 மடங்காக வேண்டும். பத்தாண்டுகள் கழித்து அது முதிர்ந்த நிறுவனமாகி லாபத்தைப்போல் 20 மடங்கு விலைதான் கிடைக்கும் என்று வைத்தால், அதன் லாபம் 7.8 மடங்காகியிருக்க வேண்டும். அதாவது 10 வருடமும் விடாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 சதவீத வளர்ச்சி. இப்போது உங்களையே கேளுங்கள்: இந்தத் தொழிலில், இந்த அளவுள்ள நிறுவனத்தால், 10 வருடம் அப்படி வளர முடியுமா? முடியும் என்று நேர்மையாகத் தோன்றினால் வைத்திருங்கள். இல்லையென்றால் இன்று விலை தரும் ஆளிடம் கொடுத்துவிடலாம்.

கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ இதற்கு நல்ல உதாரணம். 2000 மார்ச்சில் அதன் பங்கு 80 டாலரில் இருந்தது, லாபத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். 2002 அக்டோபரில் 9 டாலருக்கும் கீழே. தொழில் அழிந்துவிட்டதா என்றால் இல்லை. 2000ல் ஏறத்தாழ 19 பில்லியன் டாலராக இருந்த ஆண்டு விற்பனை 2010ல் 40 பில்லியன். நிறுவனம் இரண்டு மடங்கானது, ஆனால் அந்த 80 டாலரை மறுபடி தொடப் பங்குக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 'நல்ல நிறுவனம், விற்கவே மாட்டேன்' என்று 2000ல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னது சரிதான், விலையைப் பற்றித்தான் யோசிக்கவில்லை.

உடனே 'அமேசானைப் பாருங்கள், விற்காதவர்கள்தானே ஜெயித்தார்கள்' என்பார்கள். அதையும் முழுதாகப் பார்க்க வேண்டும். 1999 டிசம்பரில் அன்றைய கணக்கில் 107 டாலரைத் தொட்ட அந்தப் பங்கு 2001ல் 6 டாலருக்கு வந்தது. அந்த உச்சத்தை மறுபடி தாண்ட 2009 ஆகிவிட்டது. உலகின் மிகச் சிறந்த நிறுவனங்களில் ஒன்றை வைத்திருந்தும், அளவுக்கு மீறிய விலை வந்தபோது விற்காமல் இருந்ததற்குப் பத்தாண்டுக் காத்திருப்பு. அதோடு, 94 சதவீதம் விழுந்த பங்கை உண்மையில் எத்தனை பேர் கையில் வைத்திருந்திருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

புகழ்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டிடம் இரண்டு பக்கமும் இருக்கின்றன, அதனால்தான் எனக்கு அவருடைய விற்பனைகளைப் படிப்பதில் ஆர்வம் அதிகம். 2002லும் 2003லும் சீன எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனாவின் பங்குகளை 488 மில்லியன் டாலருக்கு வாங்கினார். அப்போது சந்தை அந்த நிறுவனத்துக்கு வைத்த மதிப்பு 37 பில்லியன், அவர் போட்ட மதிப்பு 100 பில்லியன். எண்ணெய் விலை ஏறி, 2007ல் சந்தை மதிப்பு 275 பில்லியனுக்குப் போனதும், மற்ற பெரிய எண்ணெய் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது சரியான விலைதான் என்று சொல்லி, சுமார் 4 பில்லியன் டாலருக்கு எல்லாவற்றையும் விற்றார். விற்ற பிறகும் அது இன்னும் ஏறியது, பிறகு 2008ல் பலமாக விழுந்தது. உச்சத்தைப் பிடிக்க அவர் முயலவே இல்லை. தன் கணக்கு நிறைவேறியதா என்று மட்டும் பார்த்தார். அதே மனிதர் 1998ல் கோகோ கோலா பங்கு லாபத்தைப்போல் 40 மடங்குக்கும் மேல் போனபோது விற்காமல் இருந்தார். அந்த விலையைத் திரும்ப எட்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. விலை அளவுக்கு மீறிப் போனது தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தேனே தவிர விற்கவில்லை என்று பின்னாளில் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கே இது கடினம் என்றால் நமக்குக் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

விலை என்று பேசும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எஃகு, கப்பல் போக்குவரத்து, மெமரி சிப், சுரங்கம் மாதிரி ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களில் மேலே சொன்ன மடங்குக் கணக்கு தலைகீழாக வேலை செய்யும். தொழில் உச்சத்தில் இருக்கும்போது லாபம் கொட்டும், அதனால் விலை லாபத்தைப்போல் 5 மடங்கு என்று மலிவாகத் தெரியும். எல்லோரும் புது ஆலை கட்டத் தொடங்குவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் சரக்கு பெருகி விலை சரியும், லாபம் காணாமல் போகும். இந்தப் பங்குகள் மிக மலிவாகத் தெரியும் நேரம்தான் பெரும்பாலும் விற்க வேண்டிய நேரம். உங்கள் பங்கு இந்த வகையா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் 'நீண்டகாலம் வைத்திரு' என்ற அறிவுரை உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

மூன்றாவது, அளவு. ஒரு பங்கு ஏறிக்கொண்டே போய் உங்கள் மொத்தச் சேமிப்பில் பாதியாகிவிட்டது என்றால், அது எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் கொஞ்சம் குறைத்தே ஆக வேண்டும். அது பாதியாக விழுந்தால் உங்கள் மொத்தச் சொத்தில் கால்வாசி போய்விடும். சிப் நிறுவனமான என்விடியா 2018 கடைசியிலும் 2022லும் இரண்டு முறை உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் விழுந்திருக்கிறது. நிறுவனம் நன்றாக இருந்த காலத்திலேயே இப்படி. மோசமானதாக இருந்தால் என்ன ஆகும் என்பதை, கணக்கில் மோசடி செய்து திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் ஊழியர்கள் பார்த்தார்கள். அவர்களுடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் அந்த நிறுவனத்தின் பங்கிலேயே இருந்தது. 2000 ஆகஸ்டில் 90 டாலராக இருந்த பங்கு 2001 நவம்பர் முடிவில் ஒரு டாலர்கூட இல்லை. வேலையும் போனது, சேமிப்பும் போனது. நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவராக இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். எவ்வளவு அதிகம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் எண் இல்லை. இந்தப் பங்கு பாதியாக விழுந்த செய்தியைக் கேட்டு இரவு தூங்க முடியுமா என்று பாருங்கள், முடியாது என்றால் முடியும் அளவுக்குக் குறையுங்கள்.

இரண்டு மூன்று வருடத்துக்குள் இந்தப் பணம் வேறு எதற்காவது தேவை என்றால் யோசிக்கவே வேண்டாம், விற்றுவிடுங்கள். வீடு, படிப்பு, சிகிச்சை எதுவாக இருந்தாலும் சரி, தேதி குறித்த செலவுக்கான பணம் பங்கில் இருக்கக் கூடாது.

இதைவிட நல்ல இடம் தெரிகிறது, மாற்றலாமா என்றால், மாற்றலாம், ஆனால் வரியை மறக்காமல். 100க்கு வாங்கி 300 ஆன பங்கை விற்று, லாபத்துக்கு 15 சதவீத வரி கட்ட நேர்ந்தால் கையில் வருவது 270. பழைய பங்கின் 300ஐ எட்டவே புதியது 11 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அதே சமயம் பழையதை வைத்திருந்தாலும் ஒரு நாள் அந்த வரியைக் கட்டத்தான் போகிறீர்கள், தள்ளிப்போடுகிறீர்கள், அவ்வளவுதான். அதனால் வரி என்பது சின்னச் சின்ன வித்தியாசத்துக்காக மாற்றாமல் இருக்க ஒரு நல்ல காரணம். சரிந்துகொண்டிருக்கும் நிறுவனத்தை விடாமல் பிடித்திருக்க அது காரணம் ஆகாது.

இனி எப்படி விற்பது. 'போட்ட அசலை எடுத்துவிட்டேன், மீதி இருப்பது இலவசம்' என்று பலர் செய்கிறார்கள். உண்மையில் இலவசம் என்று எதுவும் இல்லை, மீதி இருப்பதும் உங்கள் பணம்தான், அது விழுந்தால் விழுவது உங்கள் சொத்துதான். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் இந்த மாதிரி மனக்கணக்குகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆனாலும் பாதியை விற்பதை நான் குறை சொல்லமாட்டேன். விலை அதிகமா இல்லையா என்று தீர்மானிக்க முடியாதபோது பாதி விற்றவர் எந்தப் பக்கம் போனாலும் நிம்மதியாக இருப்பார், பதற்றத்தில் தவறான முடிவு எடுக்கமாட்டார். ஆனால் காரணமே பொய்த்துவிட்ட பங்கில் பாதி விற்பதற்கு அர்த்தமில்லை. அங்கே முழுதாக வெளியே வந்துவிடுங்கள்.

ஸ்டாப் லாஸ் பற்றியும் கேட்பீர்கள். விலை உச்சத்திலிருந்து 20 சதவீதம் இறங்கினால் தானாக விற்கும்படி வைப்பது குறுகிய கால வர்த்தகருக்குப் பொருந்தும். நீண்டகால முதலீட்டாளர் அதை வைத்தால், நான் மேலே சொன்ன அந்த நூற்றில் நான்கு பங்குகளும் ஏதோ ஒரு வருடத்தில் பெரும்பாலும் அவர் கையை விட்டுப் போயிருக்கும், ஏனென்றால் அநேகமாக எல்லாமே ஒரு கட்டத்தில் அதைவிட அதிகம் விழுந்தவை. தவிர, கெட்ட செய்தி வந்து மறுநாள் சந்தை திறக்கும்போதே பங்கு 35 சதவீதம் கீழே தொடங்கினால், உங்கள் ஆணை அந்த விலையில்தான் நிறைவேறும், நீங்கள் குறித்த விலையில் இல்லை.

விற்ற பிறகு என்ன என்பதையும் விற்கும் முன்பே யோசித்து வையுங்கள். விற்ற பங்கு அடுத்த மாதம் 20 சதவீதம் ஏறும், அது அடிக்கடி நடக்கும். அப்போது விட்டதைப் பிடிக்க அதிக விலைக்குத் திரும்ப வாங்குவார்கள், அல்லது கையில் இருக்கும் பணம் உறுத்த, சரியாகப் படிக்காத எதிலாவது போடுவார்கள். நான் பார்த்தவரை, விற்றதால் வந்த நஷ்டத்தைவிட விற்ற பணத்தை அவசரமாகப் போட்டதால் வந்த நஷ்டம்தான் பெரியது.

அதனால் உங்கள் பங்குக்கு இப்போது செய்ய வேண்டியது இது. வாங்கிய விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அந்தப் பங்கு உங்களிடம் இல்லை, அதற்குப் பதில் 180 ரொக்கமாகக் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு காலாண்டு முடிவுகளை எடுத்து ரொக்கம், பாக்கி, கடன் மூன்றையும் பாருங்கள். பிறகு அந்தப் பத்தாண்டுக் கணக்கைப் போடுங்கள். இன்றைக்கு இந்த விலையில் புதிதாக வாங்குவேன் என்று தோன்றினால் வைத்திருங்கள். வாங்கவேமாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள். 'புதிதாக வாங்கமாட்டேன், ஆனால் விற்கவும் மனமில்லை' என்று நடுவில் நின்றால், அடுத்த காலாண்டு முடிவு வரும் தேதியைக் குறித்து வையுங்கள். அன்று எந்த எண் எப்படி வந்தால் விற்பீர்கள் என்பதை, முடிவு வருவதற்கு முன்பே, இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.